பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பற்றரியிலிருந்து டைனமோ வரை அளந்து பழுது தேடும் முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, வொக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "புதுப் பற்றரி போட்டேன், அதற்குப் பிறகும் இழுக்கவில்லை." பற்றரிக்கு அடுத்ததாக, எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரைக் கழற்றுவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் சார்ஜ் ஏற்றும் டைனமோவை. கடைசியில் பார்த்தால், கியர்பெட்டிக்கு அடியில் எண்ணெய்ச் சேறு மூடிக் கிடந்த ஒரு எர்த் வயரில்தான் (மின் பற்றரிக்குத் திரும்பும் வழி) பழுது இருந்திருக்கும்.

கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படி சரி என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. பற்றரியைச் சோதிக்காமல் ஸ்டார்ட்டரைச் சோதித்தால், வரும் எந்த அளவுக்கும் பொருள் இருக்காது.

1. வேலைக்கு முன் தேவையானவை

20 வோல்ட் டீசி அளக்கும் டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று. முதலைக் கவ்வி பொருத்திய நீண்ட வயர்கள் இரண்டு. அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீற்றர். கம்பித் தூரிகை, சாண்ட் பேப்பர், அப்பச்சோடா, சுடுதண்ணீர், வசலீன். ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கவோ சாவியைத் திருப்பவோ இன்னொரு ஆள்.

பிரித்தானியக் கார்களுக்கு அங்குல அளவு ஸ்பேனர்கள் வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பேனர் ஓரளவுக்குப் பொருந்துவதுபோல் இருந்து நட்டின் மூலைகளை உருட்டிவிடும். துருப்பிடித்த எர்த் நட்டில் அப்படி நடந்தால் அரைமணி நேர வேலை அரைநாள் வேலையாகிவிடும். பீட்டிலுக்கு மில்லிமீற்றர் ஸ்பேனர்தான்.

மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றுங்கள். காரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும்; பக்கத்தில் சிகரெட்டோ தீப்பொறியோ வேண்டாம்.

பற்றரியைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். எர்த் கழன்றிருந்தால், மறுமுனையைத் திருகும் ஸ்பேனர் காரின் பொடியில் (உலோக உடலில்) பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வழியாகவே முழு மின்னோட்டமும் பாயும்.

2. 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எந்த முனை எர்த்?

பற்றரியின் மூடிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12 வோல்ட். மொறிஸ் மைனர் 12 வோல்ட் கார். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பீட்டில்களில் பெரும்பாலானவை 6 வோல்ட். அவற்றின் பற்றரி பின் ஆசனத்தின் கீழ் இருக்கும்.

அடுத்து, பொடிக்குப் போகும் வயர் பற்றரியின் எந்த முனையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டைனமோ உள்ள பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பொசிட்டிவ் எர்த், அதாவது கூட்டல் முனை பொடியில் இருக்கும். பீட்டில் நெகட்டிவ் எர்த். புத்தகத்தில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ரேடியோ பூட்டுவதற்காக முன்னைய சொந்தக்காரர் மாற்றியிருக்கலாம்.

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஜப்பானிய வாகனங்களில் பழகிய கை, பொடிக்குப் போகும் வயர் என்றதும் அதைக் கழித்தல் முனையில்தான் பூட்டும். அப்படிப் பூட்டினாலும் ஸ்டார்ட்டர் வழமையான திசையிலேயே சுழலும், விளக்கும் எரியும். அந்த வகை மோட்டருக்கு முனை மாறினாலும் சுழலும் திசை மாறாது. ஆனால் டைனமோ பழைய முனைப்பிலேயே மின் தரும். டைனமோவைப் பற்றரியோடு இணைத்தும் பிரித்தும் விடும் சுவிட்சான கட்டவுட் மூடும் நொடியில், பற்றரியும் டைனமோவும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று அதன் பொயின்ட்களை (தொடுமுனைகளை) கருக்கிவிடும். கார் ஸ்டார்ட் ஆனது என்பதற்காகப் பூட்டியது சரி என்று எண்ணிவிடாதீர்கள்.

பற்றரி வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். நம் கடைகளில் ஜப்பானியக் கார்களுக்கான மெல்லிய முனைப் பற்றரிகள் நிறையக் கிடைக்கின்றன. பழைய கார்களின் தொப்பி வடிவ ஈயக் கவ்வி அவற்றில் ஆடும். நடுத் திருகை எவ்வளவு இறுக்கினாலும் கவ்வியின் உட்சுவர் முனையைத் தொடாது. தடித்த முனையுள்ள பற்றரியைத் தேடி வாங்குங்கள், அல்லது கவ்வியை மாற்றுங்கள். இடையில் தகரத் துண்டு செருகுவது அடுத்த மழை வரைக்கும்தான் தாங்கும்.

3. ஸ்பேனரைத் தொடுமுன் கேட்டும் பார்த்தும் அறிய வேண்டியவை

பெரிய விளக்கைப் போட்டுவிட்டு, உதவியாளரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். விளக்கைப் பாருங்கள்.

விளக்கு சட்டென்று முழுமையாக அணைந்தால், பற்றரி முனையிலோ பிரதான எர்த்திலோ பிடிப்பு இல்லை. மெல்ல மங்கி மஞ்சளாகி ஸ்டார்ட்டர் முனகினால், பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது ஸ்டார்ட்டர் சிக்கியிருக்கிறது. விளக்கு மங்காமல் நிற்க ஸ்டார்ட்டர் அசையவே இல்லை என்றால், மின் அதற்குப் போய்ச் சேரவில்லை. சுவிட்ச், சொலினாய்ட் (மின்காந்தச் சுவிட்ச்) அல்லது ஸ்டார்ட்டரின் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின் கொடுக்கும் கரித் துண்டு) என்று தேட வேண்டும்.

ஸ்டார்ட்டர் மட்டும் "விர்" என்று தனியே சுழன்று எஞ்சின் அசையாவிட்டால், அது மின்சாரப் பழுது அல்ல. படி 7க்குப் போங்கள். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் படி 8. மற்ற எல்லாவற்றுக்கும் படி 4.

4. பற்றரி

கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளவுங்கள். ஓடி நிறுத்தியவுடன் அளந்தால் மேற்பரப்புச் சார்ஜ் காரணமாகக் கூடுதலாகக் காட்டும். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0க்கு வந்துவிட்டால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். 6 வோல்ட் பற்றரிக்கு இவற்றில் பாதி.

பிறகு ஒவ்வொரு அறையிலும் ஹைட்ரோமீற்றரை விட்டுப் பாருங்கள். எண்ணைவிட அறைகளுக்கு இடையிலான வேறுபாடுதான் முக்கியம். ஐந்து அறைகள் ஒன்றுபோல இருக்க ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால், எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பற்றரி தேறாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பற்றரியில் தண்ணீர் வேகமாக வற்றும். தகடுகள் வெளியே தெரிந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு தகட்டை அரிக்கும். அமிலமும் விடக்கூடாது, வற்றியது தண்ணீர், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது.

5. சுமை ஏற்றி அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஸ்டார்ட்டர் சுவிட்சின் பற்றரிப் பக்க ஆணியில் மீற்றரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, வயர் சரி என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரிலும் மீற்றர் 12 வோல்ட்தான் காட்டும். மீற்றர் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதற்கு ஒற்றை இழையே போதும். ஸ்டார்ட்டரோ 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். இடையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 1 வோல்ட் அங்கே தொலைந்துபோகும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீற்றரின் ஓம் அளவில் காணவே முடியாது. எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே வோல்ட்டை அளந்தால்தான் அது வெளிப்படும்.

6 வோல்ட் காரில் நிலைமை இன்னும் கடுமை. அதே வேலையைச் செய்ய இரு மடங்கு மின்னோட்டம் வேண்டும். அதே 0.01 ஓம் தடையில் 200 ஆம்பியருக்கு 2 வோல்ட் போய்விடும், அதாவது இருக்கும் ஆறில் மூன்றில் ஒரு பங்கு. 6 வோல்ட் பீட்டிலுக்கு 12 வோல்ட் காரின் மெல்லிய பற்றரி வயரைப் பூட்டினால் காலையில் இழுக்காமல் போவதற்கு இதுதான் காரணம். வயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும், பருமன் போதாது.

எஞ்சின் பற்றாமல் சுழல மட்டும் வேண்டும். குமிழ் இழுக்கும் மைனரில் ஸ்டார்ட்டர் சாவி இல்லாமலே சுழலும், எனவே சாவியை அணைத்து வையுங்கள். சாவியால் ஸ்டார்ட் செய்யும் கார்களில் கொயிலின் (தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) மெல்லிய வயரைக் கழற்றிச் சுற்றி வையுங்கள். ஒரு தடவை பத்து வினாடிக்கு மேல் சுழற்ற வேண்டாம். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

முதல் அளவு: மீற்றரின் இரு முனைகளையும் பற்றரியின் ஈய முனைகளிலேயே அழுத்துங்கள், கவ்வியில் அல்ல. சுழலும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது.

இரண்டாவது: ஒரு முனை ஈய முனையின் உச்சியில், மற்றது அதைச் சுற்றிய கவ்வியில். சுழலும்போது கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். 0.1க்கு மேல் போனால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இரு முனைகளிலும் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது: பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய முனை வரை. நீண்ட வயர்கள் இதற்குத்தான். சுழற்றுமுன் மீற்றர் 12 வோல்ட் காட்டும். சுவிட்ச் திறந்திருப்பதால் அப்படித்தான் காட்ட வேண்டும். பலர் இங்கே பதறி மீற்றரை எடுத்துவிடுகிறார்கள். பொறுத்திருந்து, சுழலும் போது எவ்வளவு என்று பாருங்கள். 0.5 வரை இருக்கலாம். கூடினால் சுவிட்சின் இரு ஆணிகளுக்கிடையே அளவுங்கள். இழப்பின் பெரும்பகுதி அங்கே இருந்தால் சுவிட்சின் உள்ளே செம்பு கருகியிருக்கிறது.

நான்காவது: ஸ்டார்ட்டரின் வெறும் உலோக உடலிலிருந்து பற்றரியின் எர்த் முனை வரை. 0.3க்குள் இருக்க வேண்டும். நம் பகுதிக் கார்களில் பழுது அதிகம் பிடிபடுவது இந்த அளவில்தான்.

6 வோல்ட் காருக்கு எல்லா எல்லைகளையும் பாதியாக்குங்கள். பொசிட்டிவ் எர்த் காரில் மீற்றர் கழித்தல் குறி காட்டினால் பொருட்படுத்த வேண்டாம், எண்ணை மட்டும் பாருங்கள்.

6. எர்த்: உப்புக் காற்றின் வேலை

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கல்லடி, நாவலடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரம் நிற்கும் காருக்கு வருடம் முழுவதும் உப்பு ஈரம் படிகிறது. ஈயமும் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அந்த ஈரம் புகுந்து அரிக்கும். எர்த் இணைப்பு ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட இடம்தான்.

எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் நிற்கிறது. ரப்பர் மின் கடத்தாது. எனவே எஞ்சினிலிருந்தோ கியர்பெட்டியிலிருந்தோ பொடிக்கு ஒரு பின்னல் பட்டி போட்டிருப்பார்கள். மைனரில் அது காருக்கு அடியில், கியர்பெட்டிப் பக்கம் இருக்கும். கியர்பெட்டியை இறக்கி ஏற்றியவர்கள் அதைத் திரும்பப் பூட்ட மறந்த கார்களும் உண்டு. அப்போது மின்னோட்டம் வேறு வழி தேடும்: சோக் வயர், அக்சிலேட்டர் வயர். ஸ்டார்ட்டரை இழுத்த கையோடு சோக் குமிழின் வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், வேறு சோதனை வேண்டியதில்லை, எஞ்சின் எர்த் போய்விட்டது. அப்படியே தொடர்ந்து இழுத்தால் வயரின் உறை உருகிப் புகை வரும்.

சுத்தம் செய்யும் முறை: நட்டைக் கழற்றி, வொஷரை எடுத்து, வயரின் வளையத்தின் இரு முகங்களையும் பொடியின் முகத்தையும் உலோகம் பளிச்சிடும் வரை தேயுங்கள். வொஷர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு துருவளையம் தெரியும். மேலிருந்து பார்த்தால் இறுக்கமான, சுத்தமான இணைப்பாக இருந்திருக்கும். பழுது அந்த வளையத்தில்தான். பெயின்டின் மேல் எர்த் பூட்டாதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாக்கிய கார் அடுத்த நாளே இழுக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வசலீனை, இறுக்கிய பிறகு வெளியே பூசுங்கள்.

பற்றரி முனையில் பூத்த வெள்ளை, பச்சைத் தூளை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவுங்கள். சோடா, அமிலத்தை முறிக்கும். ஆனால் அது பற்றரிக்குள் ஒரு துளியும் போகக்கூடாது. மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பட்டியைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் கேட்டால், உள்ளே உப்பாகிவிட்டது, மாற்றுங்கள். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய கார்களில், வயரின் உறையை எவ்வளவு தூரம் உரித்தாலும் உள்ளே செம்பு கறுத்தே இருக்கும். அப்படிப்பட்ட வயரில் ஒட்டுப்போடுவது வீண். முழு வயரையும் மாற்றச் சொல்வேன்.

7. ஸ்டார்ட்டர்

படி 5இன் நான்கு அளவுகளும் சரியாக இருந்து, ஸ்டார்ட்டர் முனைக்கு 9.5 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மெதுவாகச் சுழன்றால் மட்டுமே ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். தேய்ந்த பிரஷ், தேய்ந்த புஷ், கரி படிந்த கொமியூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) என்று பார்க்க வேண்டும்.

ஒரு "டக்" சத்தத்தோடு நின்றுவிட்டால் பினியனின் (ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம்) பல் சிக்கியிருக்கலாம். சாவியை அணைத்து, டொப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மைனரின் ஸ்டார்ட்டரில் தண்டின் நுனி சதுரமாக இருக்கும். சிறிய மூடியை எடுத்துவிட்டு ஸ்பேனரால் திருப்பியும் விடுவிக்கலாம்.

தனியே சுழன்றால், பினியனை முன்னே நகர்த்தும் பெண்டிக்ஸ் திருகு தூசியால் இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி உலர விடுங்கள். கிரீஸ் பூச வேண்டாம். கிளட்ச் தூசியும் சம்மாந்துறைப் பக்கத்து வயல் தூசியும் அதில் ஒட்டிப் பசையாகி, பழுது முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்.

8. சுழல்கிறது, பற்றவில்லை

குமிழை இழுத்துக்கொண்டிருக்கும் வரை பற்றாமல், கையை விடும் அந்தக் கணத்தில் எஞ்சின் பற்றுகிறதா? அப்படியானால் ஸ்டார்ட்டர் எல்லா வோல்ட்டையும் விழுங்கி, கொயிலுக்கு மிச்சம் வைக்கவில்லை. சுழலும்போது கொயிலின் சுவிட்ச் பக்க முனையில் அளவுங்கள். 9 வோல்ட்டுக்குக் கீழே என்றால் படி 4, 5க்குத் திரும்புங்கள். பிளக் மாற்றிப் பயனில்லை.

வோல்ட் சரி என்றால், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் பொயின்ட் இடைவெளியைப் பாருங்கள். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் 0.014 முதல் 0.016 அங்குலம், மைனரின் பிளக்குக்கு 0.025 அங்குலம். மாரி மாதங்களில் காலையில் மட்டும் அடம்பிடிக்கும் கார் என்றால், டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியில் முடிபோன்ற கருங்கோடு தெரிந்தால் அது வெடிப்பு. தீப்பொறி அந்த வழியே ஓடிவிடும், மூடியை மாற்ற வேண்டும்.

எர்த் முனை மாற்றிய காரில் கொயிலின் இரு மெல்லிய வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கார் ஓடும், ஆனால் தீப்பொறி பலம் குறையும்.

9. சார்ஜ் ஏறுகிறதா?

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று விட்டால், சில நாட்களில் அதே பற்றரி மீண்டும் படுத்துவிடும்.

முதலில் பெல்ட். நடுவில் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அசைய வேண்டும். டைனமோ காரில், எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது சிவப்பு விளக்கு மங்கலாக எரிவது இயல்பு. வேகம் கூட்டியதும் அணைய வேண்டும்.

அணையாவிட்டால் டைனமோவின் டி (வெளியீடு), எஃப் (ஃபீல்ட்) வயர்கள் இரண்டையும் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு வெறும் வயரால் இணையுங்கள். இணைப்பிலிருந்து பொடிக்கு மீற்றர். எஞ்சினை மெல்ல வேகம் கூட்டினால் வோல்ட் தடங்கலின்றி ஏற வேண்டும். 20ஐத் தொட விடாதீர்கள். 1000 சுற்று வேகம் போதும். ஒன்றுமே வராவிட்டால் பிரஷ், அரை முதல் ஒரு வோல்ட் வரை மட்டும் வந்தால் ஃபீல்ட் சுருள், பாதியளவில் நின்றால் ஆர்மெச்சர் (சுழலும் சுருள்). இது லூக்காஸ் டைனமோவுக்கான முறை. பீட்டிலின் பொஷ் டைனமோவில் ஃபீல்ட் இணைப்பு வேறு விதம், அதில் இதைச் செய்யாதீர்கள்.

டைனமோ சரி என்றால் கட்டவுட் பெட்டி. லூக்காஸ் ஆர்பி106 வகையில் ஏ, ஏ1 வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, எஞ்சின் ஓடும்போது டி முனைக்கும் ஈ (எர்த்) முனைக்கும் இடையே அளந்தால், நம் வெப்பநிலையில் ஏறத்தாழ 16 வோல்ட்டில் நிலைக்கும். இந்த எண்ணைக் கண்டு, பற்றரி கொதித்துவிடும் என்று பயந்து, பெட்டியில் வோல்ட்டை ஒழுங்குபடுத்தும் திருகைத் தளர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். பற்றரி இணைக்கப்படாத நிலையில் வரும் எண் அது. 14க்கு இறக்கிவிட்டால், இணைத்த பிறகு பற்றரி ஒருபோதும் நிறையாது.

மைனரில் வரும் சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில் மட்டும். பெரிய பல்பு, இரட்டை ஹோர்ன், கலியாண ஊர்வலத்துக்கு மின்குமிழ் மாலை என்று ஏற்றிக்கொண்டு நடை வேகத்தில் போனால், செலவு முழுவதும் பற்றரியிலிருந்துதான். ஊர்வலம் முடிந்த இரவே சார்ஜரில் போடுங்கள்.

10. நிற்கும்போதே சார்ஜ் வடிந்தால்

எல்லாவற்றையும் அணைத்து, எர்த் வயரைக் கழற்றி, மீற்றரை 10 ஆம்பியர் அளவில் வைத்து முனைக்கும் வயருக்கும் இடையே இணையுங்கள். மணிக்கூடோ ரேடியோவோ இல்லாத காரில் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. எல்லா ஃபியூஸையும் எடுத்தும் விழாவிட்டால் கட்டவுட்டின் டி வயரைக் கழற்றுங்கள். அப்போது விழுந்தால் அதன் பொயின்ட்கள் ஒட்டிப்போய், பற்றரி டைனமோ வழியாக வடிகிறது. நிறுத்தி ஒரு மணி நேரம் கழிந்தும் டைனமோ ஆறாமல் சுடுவது அதன் அடையாளம். அந்தக் காரின் எர்த்தைப் பழுது தீரும் வரை கழற்றியே வையுங்கள், சுருள் எரிந்துவிடும்.

மீற்றர் இப்படித் தொடரில் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்தால் மீற்றரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.